சென்டரைக் கொடுத்து ஸ்கோரரை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் விடியற்காலையில் ஆடும் எங்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு இந்தச் சித்திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஏற்காட்டுக் குழு ஒன்று எங்கள் சென்டரை, அதாவது கூடைக்கு அடியில் நின்று காக்கும் உயரமான ஆட்டக்காரரை, கேட்கிறது. பதிலுக்குத் தன்னுடைய ஸ்கோரரை, அதாவது அதிகப் புள்ளி எடுக்கும் ஆட்டக்காரரை, அனுப்புவதாகச் சொல்கிறது. கோடைப் போட்டிகள் முடியும்வரைக்கான ஏற்பாடு. சேதி பரவிய நாளிலிருந்து ஆட வரும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், மைதானத்தைச் சுற்றி நடக்க வரும் பெரியவர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் இதே முடிவைப் பலமுறை எடுத்து, சில முறை வாழ்ந்தும் சில முறை நொந்தும் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்பதில் பாதி அதைப் பற்றித்தான் என்பதால் அந்தக் கதைகளும் இதில் வருகின்றன.

கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கூடாது. அவர் போனால் கூடைக்கு அடியில் நிற்க எங்களிடம் வேறு ஆள் இல்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்திருப்பேன். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் விரிவுதான்.

உள்ளூர்க் குழுக்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது எப்படி நடக்கும்?

என்பிஏவில் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அணியின் கையில் இருக்கிறது. அதை இன்னொரு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆட்டக்காரர் மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கே சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இரண்டு குழுவின் பெரியவர்களும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள், ஆடப் போகிறவர்கள் இருவரும் தலையசைத்தால் காரியம் முடிந்தது. அதனால் இங்கே மறுக்கும் உரிமை முழுக்க ஆட்டக்காரருக்கு இருக்கிறது. அதை நான் நல்லதென்றே நினைக்கிறேன்.

அந்த இருவரும் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள்?

எங்கள் சென்டர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். வயது முப்பதைத் தொடுகிறது. உயரம் ஆறடி மூன்று அங்குலம். நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து வெள்ளி வளையங்களைப் பற்றவைக்கிற வேலை என்பதால் விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள் இருக்கும். அந்த விரல்களுக்குள் பந்து போய்விட்டால் பிடுங்குவது கடினம். ஓட்டம் வேகமில்லை. வெளியிலிருந்து ஷாட் அடிக்க மாட்டார். ஆட்டத்துக்கு ஆறு அல்லது எட்டுப் புள்ளி எடுத்தால் அதிகம்.

ஏற்காட்டுத் தம்பிக்கு வயது பத்தொன்பது. காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை. மாலையானால் மூடுபனி இறங்கி ஈரமாகிவிடும் சிமென்ட் தரையில் ஆடிப் பழகியவர். வழுக்கும் தரையில் ஓடுகிற வேகத்தில் நிற்பதற்கு அவரே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இரண்டு குட்டை எட்டுகள் வைப்பார், இடுப்பு தாழும், இடப்பக்கம் பந்தைத் தரையில் ஒரே ஒரு தட்டு, அதே மூச்சில் எழும்பி ஷாட். தடுக்க வருபவரின் கை மேலே போவதற்குள் பந்து விரலை விட்டிருக்கும். போன தை மாதம் எங்களுக்கு எதிராக ஆடியபோது எங்கள் பையன்கள் இருவர் மாறி மாறி ஒட்டிக்கொண்டும் அவரை நிறுத்த முடியவில்லை. அந்தத் தம்பியின் ஆட்டத்தில் ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கேள்வி கடினமாக இருப்பதே அதனால்தான்.

சென்டர் புள்ளியே எடுப்பதில்லையே, அவர் என்னதான் செய்கிறார்?

இதை என்னிடம் கேட்டவர்கள் அதிகம். ஸ்கோர் தாளைப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

ஒரு நாள் எதிரணி பந்தோடு வரும்போது பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் கார்டு நடுக்கோட்டைத் தாண்டியதுமே இவர் பேசத் தொடங்கிவிடுவார். “வலது, வலது. ஸ்கிரீன் வருகிறது. விடு, நான் பார்க்கிறேன்.” ஸ்கிரீன் என்றால் தடுப்பவரின் வழியில் எதிராளி ஒருவர் மறித்து நிற்பது. முன்னால் நிற்கும் நான்கு பேருக்கும் முதுகில் கண் கிடையாது, அவர்களுடைய கண்ணாக இருப்பது இந்தக் குரல்தான். ஷாட் கிளம்பியதும் எல்லோர் தலையும் பந்தோடு மேலே போகும். இவர் தலை போகாது. ஒரு காலைப் பின்னால் நீட்டி, எதிராளியின் முழங்கால் எங்கே இருக்கிறது என்று குதிகாலால் தேடுவார். கிடைத்ததும் முதுகை அவர் நெஞ்சில் சாய்த்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளுவார். இதைத்தான் பாக்ஸ் அவுட் என்கிறோம். பந்து ரிங்கில் பட்டுத் தெறித்து விழும் நேரத்தில் அந்த இடத்தில் எதிராளி இருக்க மாட்டார். பல சமயம் பந்தை எடுப்பது இவர்கூட இல்லை; பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன் கையில் விழும். தாளில் ரீபவுண்ட் அந்தப் பையன் பெயரில் ஏறும்.

அடுத்தது, வராத ஷாட்டுகள். கூடைக்கு அடியில் ஆறடி மூன்று அங்குலம் கையை உயர்த்தி நிற்கிறது என்று தெரிந்தால் உள்ளே பாய வந்தவர் பாதியில் நின்று பந்தை வெளியே திருப்பிவிடுவார். கூடைக்கு அருகே எழும்பி லே-அப் போட வேண்டியவர் பன்னிரண்டு அடியிலிருந்து எதையோ எறிந்துவிட்டுப் போவார். நடக்காத ஒன்றை எந்தத் தாளிலும் எழுத முடியாது. அவர் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் எங்கள் கார்டுகளைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். எப்போதும் எதிராளியை நெருங்கி நின்று பந்தைத் தட்டிப் பறிப்பவர்கள், அந்த வாரம் இரண்டடி தள்ளி நின்றார்கள். தங்களைத் தாண்டிப் போனால் பின்னால் யாரும் இல்லை என்ற பயம். அதனால் வெளியிலிருந்தும் ஷாட் விழுந்தது, உள்ளேயும் விழுந்தது.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் பென் வாலஸ் தன் என்பிஏ வாழ்க்கை முழுவதிலும் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 5.7 புள்ளி. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கினார். 2004 இறுதிச் சுற்றில் ஷாக்கில் ஓ’நீலும் கோபி பிரையன்ட்டும் ஆடிய லேக்கர்ஸ் அணியை 4–1 என்று வென்ற அணியின் முதுகெலும்பு அவர். 2021இல் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கொடுத்தார்கள்.

ஸ்கோரர் வந்தால் ஆட்டத்துக்கு 25 புள்ளி கூடும் அல்லவா?

கூடாது. இந்த ஒரு தப்புக் கணக்கில்தான் எல்லோரும் விழுகிறார்கள். தம்பி அடிக்கப்போகும் ஷாட்டுகளை இப்போது வேறு யாரோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பந்து ஒன்றுதான். எனவே கூடுவது, அந்த ஷாட்டுகளை அவர் அடிப்பதற்கும் மற்றவர்கள் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். தம்பி 25 ஷாட் அடித்து 25 புள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். ஷாட்டுக்கு ஒரு புள்ளி. அதே 25 ஷாட்டை எங்கள் பையன்கள் அடித்தால் ஷாட்டுக்கு 0.8 வீதம் 20 புள்ளி வரும் என்போம். லாபம் 5 புள்ளி. இப்போது சென்டர் பக்கம். கூடைக்கு அடியில் யாரும் இல்லாமல் போடும் லே-அப் நூற்றுக்கு எழுபது விழும் என்றால் அதன் மதிப்பு 1.4 புள்ளி. மேலே ஒரு கை நின்றால் நாற்பத்தைந்துதான் விழும் என்றால் 0.9. ஆட்டத்தில் அப்படிப் பத்து ஷாட் வந்தாலே 5 புள்ளி போயிற்று. லாபம் அத்தோடு தீர்ந்தது. அதற்குமேல், தவறிய ஷாட்டை எதிரணியே எடுத்து மறுபடி போடுகிற வாய்ப்புகள் நான்கு கூடினால் இன்னும் மூன்று நான்கு புள்ளி கைவிட்டுப் போகும். எண்களை நீங்கள் விரும்பியபடி மாற்றிப் பார்க்கலாம். சென்டருக்கான இடத்தைச் சும்மா விட்டுவிட்டு இந்தக் கணக்கை லாபமாக முடிப்பது கடினம்.

ஸ்கோரரைத் தனியாக அளக்கும்போதும் எத்தனை புள்ளி என்பதோடு எத்தனை ஷாட்டில் என்பதையும் கேளுங்கள். 18 ஷாட்டில் 25 எடுப்பவரும் 28 ஷாட்டில் 25 எடுப்பவரும் வேறு வேறு ஆட்கள். ஏற்காட்டுத் தம்பி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். வயது பத்தொன்பதுதானே, முதல் வகைக்கு வந்துவிடுவார் என்று உறுதியாக நம்புகிறேன்.

லேக்கர்ஸ் சென்டரைக் கொடுத்துத்தானே கோபியை வாங்கியது?

ஆமாம். 1996இல் நடந்தது அது. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் என்பிஏ தேர்வில் சார்லட் அணி 13ஆவதாக எடுத்த கோபி பிரையன்ட்டை லேக்கர்ஸ் வாங்கிக்கொண்டு, தன்னுடைய சென்டர் விளாடே டிவாச்சைக் கொடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பையன். அவர் லேக்கர்ஸிலேயே இருபது பருவம் ஆடி 33,643 புள்ளி எடுத்தார், ஐந்து பட்டம் வென்றார். இப்படி ஒரு மாற்றம் நமக்கும் வாய்க்காதா என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அதே ஜூலை மாதத்தில் லேக்கர்ஸ் செய்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்லாண்டோவிலிருந்து ஷாக்கில் ஓ’நீலைக் கொண்டுவந்தார்கள். டிவாச்சின் சம்பளம் கணக்கிலிருந்து போனதால்தான் ஷாக்குக்குப் பெரிய தொகையை நீட்ட முடிந்தது. அதாவது சென்டரைக் கொடுத்த மாதத்திலேயே அவரைவிடப் பெரிய சென்டரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று பட்டம் வந்தது இருவரும் சேர்ந்து ஆடியபோது.

2004இல் ஷாக்கை மயாமிக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் லேக்கர்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி; பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்கே போகவில்லை. மயாமி 2006இல் பட்டம் வென்றது. 2006 ஜனவரி 22ஆம் தேதி டொராண்டோவுக்கு எதிராகக் கோபி தனியாளாக 81 புள்ளி எடுத்தார். அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் லீகிலேயே அதிகப் புள்ளி சராசரி அவருடையது. இரண்டு பருவத்திலும் லேக்கர்ஸ் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் தோற்று வெளியேறியது. உலகத்தில் அவரைவிடச் சிறந்த ஸ்கோரர் அப்போது இல்லை என்றே சொல்வேன். 2008 பிப்ரவரியில் பாவ் காசோல் வந்து கூடைக்கு அடியில் நின்ற பிறகுதான் மறுபடி இறுதிச் சுற்று, பிறகு 2009, 2010 பட்டங்கள். ஒரே மனிதருடைய வாழ்க்கைக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு மூன்று முறை பதில் கிடைத்திருக்கிறது.

லூக்கா டோன்சிச்சை வாங்கியதும் இதே மாதிரிதானே? அதில் யார் ஜெயித்தார்கள்?

2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஊர் தூங்கும் நேரத்தில் சேதி வந்தது. அதற்கு முந்தைய பருவத்தில்தான் ஆட்டத்துக்கு 33.9 புள்ளி என்று லீகின் முதல் ஸ்கோரராக இருந்து, டல்லாஸை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனவர் லூக்கா. அவரை லேக்கர்ஸ் வாங்கியது; கொடுத்தது ஆந்தனி டேவிஸை. டேவிஸ் தன்னை ஃபார்வர்டு என்று சொல்லிக்கொள்ள விரும்புபவர்; ஆனாலும் லேக்கர்ஸுக்குக் கூடைக்கு அடியில் நின்றது அவர்தான்.

லேக்கர்ஸுக்குத் தாங்கள் செய்தது தெரியாமல் இல்லை. சில நாளில் சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸ் என்ற உயரமான சென்டரை வாங்க ஏற்பாடு செய்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் திருப்தியில்லை என்று அவர்களே அதை ரத்து செய்தார்கள். அந்த இடத்தை நிரப்பும்படியான வேறு ஆளும் வரவில்லை. மேற்குப் பிரிவில் மூன்றாவது இடத்தில் முடித்த அணி, ஆறாவது இடத்திலிருந்த மின்னசோட்டாவிடம் முதல் சுற்றில் 4–1 என்று தோற்றது. அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறேன். மின்னசோட்டா 47 முறை தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் முயன்று 7 மட்டுமே போட்டது. அப்படி அடிக்கிற அணி தோற்றிருக்க வேண்டும். அவர்களுடைய சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளியும் 24 ரீபவுண்டும் எடுத்தார். 103–96 என்று ஜெயித்தார்கள். தவறிய பந்துகளையெல்லாம் ஒருவர் எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார், தடுக்க எதிரில் உயரமான ஆள் இல்லை.

இதற்காக லூக்காவை வாங்கியது தவறு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அப்போது வயது 25. அப்படிப்பட்டவர் ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். வந்தால் எதைக் கொடுத்தாவது வாங்க வேண்டியதுதான். இடத்தைக் காலியாக விட்டதில்தான் அடி. அந்தக் கோடையில் டிஆண்ட்ரே ஏட்டன் என்ற சென்டரைக் கொண்டுவந்தார்கள்.

டல்லாஸ் நிலைமை இன்னும் மோசம். தடுப்பாட்டம்தான் பட்டம் தரும் என்று காரணம் சொன்னார் அவர்களுடைய அப்போதைய பொது மேலாளர். டேவிஸ் முதல் ஆட்டத்தில் பிரமாதமாக ஆடி அதே ஆட்டத்தில் காயம்பட்டு உட்கார்ந்தார். அணி பிளே-ஆஃப் போகவில்லை. சென்டரை வாங்குகிறவரும் ஏமாறலாம் என்பதற்கு இது சாட்சி. நான் சென்டர் பக்கம் நின்று பேசுவதால் இதை மறைக்கக் கூடாது.

நேர்மாறாக, ஸ்கோரரைக் கொடுத்துச் சென்டரை வாங்கியவர்கள் உண்டா?

உண்டு. 2012 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட் தன்னுடைய முதல் ஸ்கோரர் மான்டா எல்லிஸை மில்வாக்கிக்குக் கொடுத்து, கணுக்கால் உடைந்து ஆட முடியாமலிருந்த ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. அடுத்த வாரம் அணியின் உரிமையாளர் மைதானத்தில் மைக் பிடித்தபோது ரசிகர்கள் கூச்சலிட்டே அவரைப் பேசவிடாமல் செய்தார்கள். மூன்று வருடம் கழித்து 2015இல் அந்த அணி பட்டம் வென்றது. போகட்டின் தடுப்பாட்டம் ஒரு காரணம். எல்லிஸ் போனதால் ஸ்டெஃபன் கரிக்கும் கிளே தாம்சனுக்கும் பந்து அதிகம் கிடைத்தது இன்னொரு காரணம். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரியதாகத் தெரிகிறது. எங்கள் குழுவிலும் பதினாறு வயதில் இரண்டு பேர் இப்போதுதான் கை நீட்டி ஷாட் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரிய ஸ்கோரர் வந்தால் அந்தக் கைகள் மறுபடி மடங்கிவிடும்.

மேலே சொன்ன பென் வாலஸும் டெட்ராய்ட்டுக்கு இப்படி வந்தவர்தான். 2000இல் ஆட்டத்துக்கு 25.8 புள்ளி எடுத்துக்கொண்டிருந்த டெட்ராய்ட்டின் கிராண்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போவதாக முடிவு செய்தார். பதிலுக்கு வந்த இருவரில் ஒருவர் வாலஸ். ஹில்லுக்குக் கணுக்கால் துரோகம் செய்தது. முதல் நான்கு பருவத்தில் மொத்தம் 47 ஆட்டம்தான் ஆட முடிந்தது.

இப்போதெல்லாம் உயரமானவர் இல்லாமலே ஆடுகிறார்களே?

சிறிய ஆட்களை வைத்து ஆடுகிறார்கள், உண்மை. அந்த 2015 இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்திலேயே கோல்டன் ஸ்டேட் போகட்டை உட்காரவைத்து ஆண்ட்ரே இகுடாலாவோடு தொடங்கியது, ஜெயித்தது. அதற்கு டிரேமண்ட் கிரீன் மாதிரி, குட்டையாக இருந்தும் பெரியவர்களைத் தாங்குகிற ஒருவர் வேண்டும். வெளியில் நிற்கும் நால்வரும் மூன்று புள்ளி ஷாட் போடுபவர்களாக இருக்க வேண்டும். எங்களில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார். அவரும் திருச்செங்கோட்டில் கல்லூரிக்குப் போவதால் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை.

என்பிஏ கதைகள் நம்மூர் மைதானத்துக்குப் பொருந்துமா?

எல்லாம் பொருந்தாது. விதிகளிலேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது. பொருந்தாத இடங்கள் பெரும்பாலும் சென்டருக்குச் சாதகமானவை.

என்பிஏவில் தடுக்கும் அணியின் ஆட்டக்காரர், பக்கத்தில் காவல் காக்க ஆள் இல்லாமல் கூடைக்கு அடியில் உள்ள செவ்வகத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. 2001–02 பருவத்திலிருந்து இந்த விதி இருக்கிறது. நாம் ஆடுவது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி. அதில் மூன்று விநாடிக் கட்டுப்பாடு தாக்கும் அணிக்கு மட்டும்தான். தடுப்பவர் ஆட்டம் முழுவதும் உள்ளேயே நிற்கலாம். நல்ல சென்டரை அங்கே நிறுத்திவைத்தால் கோட்டைக் கதவைச் சாத்தின மாதிரி.

இன்னொன்று. ஷாட் ரிங்கில் பட்டுவிட்டால், அது ரிங்குக்கு மேலே சுழன்றுகொண்டிருக்கும்போதே யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம் என்கிறது ஃபிபா. என்பிஏவில் தடுப்பவர் அப்படித் தட்டினால் அது எதிரணிக்குப் புள்ளியாகிவிடும். ரிங் இருப்பது 3.05 மீட்டர் உயரத்தில். கை எட்டுகிற ஒருவர் குழுவில் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்கோரருக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபிபாவின் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்பிஏவின் கோடு மையத்தில் 7.24 மீட்டர். நம் கோடு அருகில் இருப்பதால் தூர ஷாட் போடுபவரின் மதிப்பு கூடுகிறது. தம்பிக்கு ஆறே முக்கால் மீட்டர் ஒரு தூரமே இல்லை.

சென்டரின் முழங்கால் எவ்வளவு நாள் தாங்கும்? இளம் ஆளை இப்போதே பிடிப்பது நல்லதில்லையா?

பத்து வருடத் திட்டம் போடுகிற அணிக்கு இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2012இல் ஃபிலடெல்ஃபியா, ஆண்ட்ரூ பைனம் என்ற சென்டரை நம்பி வாங்கியது. முழங்கால் கோளாறால் அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. எங்கள் ஏற்பாடு ஒரு கோடைக்குத்தான். இந்த இரண்டு மாதம் அவருடைய முழங்கால் தாங்கும். தினமும் ஆட்டம் முடிந்ததும் ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐஸ் வாங்கிவரும் பொறுப்பு என்னுடையது.

அப்படியானால் புள்ளிப் பற்றாக்குறைக்கு என்ன வழி?

இதைப் பேசாமல் “கொடுக்கக் கூடாது” என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் எங்களுக்குக் கூடை விழுவதில்லை. அதுதான் நோய்.

நான் நம்புகிற மருந்து, சென்டரையே இன்னும் நன்றாகப் பயன்படுத்துவது. டென்வரின் நிக்கோலா யோகிச்சைப் பாருங்கள். 2014இல் 41ஆவது தேர்வாக வந்தவர், வேகமாக ஓட மாட்டார், பெரிதாகக் குதிக்க மாட்டார். பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் கூடையை நோக்கி வெட்டி ஓடுவார்கள்; யார் கையில் எப்போது போடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். 2023இல் பட்டம் வாங்கினார்கள். எங்கள் சென்டர் அண்ணன் யோகிச் ஆகிவிடமாட்டார். ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி, பின்னால் ஓடுகிற பையனுக்குத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுக்கிற பாஸ் அவருக்கு அழகாக வருகிறது. கொலுசுக்குச் சலங்கை வைக்கிற கை, நிதானம் அதிகம். போன மூன்று வாரமாக இதை மட்டும் தினமும் அரை மணி நேரம் பழகுகிறோம். பதினாறு வயதுப் பையன்கள் இருவரும் அந்த பாஸை வாங்கப் பேயாக ஓடுகிறார்கள்.

பிக் அண்ட் ரோலும் உண்டு. சென்டர் கார்டுக்கு ஸ்கிரீன் வைத்துவிட்டு உடனே கூடையை நோக்கித் திரும்ப வேண்டும். எங்கள் அண்ணன் ஸ்கிரீன் வைத்துவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பார். இருபதாவது முறை சொன்னபோது திரும்பினார்.

தம்பியை வேறு வழியில் எங்கள் பக்கம் கொண்டுவர முடியாதா?

கேட்டுப் பார்த்தேன். அவர் குழு தங்களுக்கு உயரமான ஆள் இல்லாததால்தான் மாற்றிக்கொள்ளக் கேட்கிறது. சும்மா அனுப்ப அவர்களுக்கு என்ன தலையெழுத்து? அதைவிட முக்கியம் பஸ். எங்கள் பயிற்சி காலை ஐந்தரைக்கு. அதற்கு அவர் முந்தின இரவே இறங்கி யார் வீட்டிலாவது தங்க வேண்டும். மாலை ஆட்டம் என்றால் முடித்துவிட்டு, வயிறு நிறைகிறதோ இல்லையோ, ஒரு தட்டுவடை செட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேர்ந்து, விடிந்ததும் தோட்ட வேலை. பத்தொன்பது வயதுப் பிள்ளையை இரண்டு மாதம் அப்படி அலையவிட எனக்கு மனமில்லை. எங்கள் அண்ணனும் அதே அலைச்சலை எதிர்த் திசையில் செய்ய வேண்டியிருக்கும். பட்டறையில் அவருக்குக் கூலி வேலைக் கணக்கில்தான் வருகிறது. போகாத நாளுக்குக் காசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குழுவும் சேர்ந்து பழகலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் அவர்கள் இறங்கட்டும், ஒரு வாரம் நாங்கள் ஏறுகிறோம். தம்பியை எதிர்த்துத் தடுத்துப் பழகினாலே எங்கள் பையன்களுக்கு அது பெரிய பாடம்.

அடுத்த சென்டரை எப்போது தயார் செய்வீர்கள்?

தொடங்கிவிட்டோம். அம்மாபேட்டையிலிருந்து வரும் ஒரு பையனுக்கு வயது பதினான்கு, உயரம் ஆறடி, இன்னும் வளர்கிறான். உயரமாக இருப்பதற்காக வெட்கப்பட்டுக் கூன் போட்டு நடந்தவன். பஞ்சாபின் சிறு கிராமத்திலிருந்து போன சத்னாம் சிங், 2015இல் டல்லாஸ் எடுத்தபோது என்பிஏ தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர், ஏழடி இரண்டு அங்குலச் சென்டர் என்று அவனிடம் சொன்னேன். மறுநாள் நிமிர்ந்து நடந்து வந்தான். இப்போது அண்ணன் பக்கத்தில் நின்று குதிகாலால் முழங்காலைத் தேடுவதைக் கற்றுக்கொள்கிறான். அவன் தேற இரண்டு வருடமாகும். அதன் பிறகு யாராவது ஸ்கோரரை நீட்டினால் என் பதில் மாறக்கூடும்.

சென்டரிடமே கேட்டீர்களா?

கேட்டேன். 1975இல் கரீம் அப்துல்-ஜப்பார் என்ற பெரிய சென்டர் தாமே மில்வாக்கியை விட்டுப் போக விரும்பிக் கேட்டார். லேக்கர்ஸ் அவரை வாங்கி ஐந்து பட்டம் வென்றது, மில்வாக்கி அடுத்த பட்டத்துக்கு 2021வரை காத்திருந்தது. போக நினைப்பவரைப் பிடித்துவைக்க முடியாது. அதனால் எங்கள் அண்ணன் ஏற்காட்டுக்குப் போக விரும்பினால் மேலே எழுதியது எதையும் சொல்லித் தடுக்க மாட்டேன் என்று முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தலையை நிமிர்த்தவில்லை. “அம்மாபேட்டைப் பையன் இன்னும் முதுகைச் சாய்க்காமல் கையால் தள்ளுகிறான். ஃபௌல் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு அவனைக் கால் மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள்” என்றார்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு வரும் ஞாயிறு பதில் சொல்கிறேன். பையன் இப்போது ஐந்தேகாலுக்கு வருகிறான்.